வண்டி நடுரோட்டில் நின்றால்: மெக்கானிக் கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கத்திரி வெயில் மதியம். ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரம் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்த என் பழைய மாருதியின் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடி மேல் கைக்குட்டையைப் போட்டுத் திருகப் போனேன். எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர், "சார், மூடியில கை வைக்காதீங்க! மூஞ்சி வெந்துடும்" என்று கத்தினார். கையை எடுத்துக்கொண்டேன். அவர் கடை பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு டீ குடித்து, அப்புறம் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஓட்டிப் போனேன். மெக்கானிக் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோ தூரம் ஓட்டினீங்க?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. சாலையோரத்தில் போடும் ஒட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு; அதைக் கிலோமீட்டரில்தான் அளக்க வேண்டும். சில ஒட்டு திண்டிவனம் போய்த் திரும்பும் வரை தாங்கும். சில ஒட்டு அடுத்த சிக்னலைத் தாண்டினாலே பெரிய விஷயம். இன்னும் சிலவற்றுக்கு ஆயுள் பூஜ்யம், அதாவது கை வைக்கவே கூடாது. கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் என்ன செய்வது என்பதோடு, செய்த பிறகு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

வண்டியை நிறுத்தும் இடம்

வண்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் ஹசார்ட் லைட்டைப் போடுங்கள், இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். டயர் பஞ்சர் என்றாலும் நடு லேனிலேயே நிறுத்திவிடாதீர்கள். உருட்டியாவது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஐம்பது அடியில் டயர் வீணானால் போகட்டும்.

மதுரவாயல் பைபாஸ், வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற இடங்களில் பெரிய ஆபத்து பின்னால் வரும் லாரிதான். எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கட்டும். குழந்தைகளையும் பெரியவர்களையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார வைப்பது பரிவு போலத் தெரியும், ஆனால் பைபாஸில் அது தவறு. டிக்கியில் இருக்கும் முக்கோணத்தை எடுத்து, வண்டியிலிருந்து குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். வேகமான சாலை என்றால் நூறு மீட்டர். அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள்.

முக்கோணம் இல்லாதவர்கள் நம் ஊர் வழக்கப்படி வேப்பங்கிளையை ஒடித்துப் போடுகிறார்கள். பகலில் அது வேலை செய்யும். ஆனால் சுற்றிக் கல்லை அடுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்வது? இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுவது ஒரு பைக்காரராக இருக்கும்.

இடம் சரியில்லை, இருட்டு, பயமாக இருக்கிறது என்றால் ரிப்பேரை மறந்துவிட்டு போனை எடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108.

இவற்றில் கை வைக்காதீர்கள்

பிரேக் மிதி தரை வரை இறங்கினால் அதற்குச் சாலையோர வைத்தியம் கிடையாது. பிரேக் ஆயில் டப்பாவில் தண்ணீரை ஊற்றி ஓட்டியதாகப் பெருமை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியானால் மிதி காற்றைத்தான் அழுத்தும், வண்டி நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக் பிடிக்காமல் போனால் மிதியை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நின்ற பிறகு அந்த வண்டி சொந்தச் சக்கரத்தில் போகக் கூடாது.

ஸ்டீயரிங் லூசாக ஆடுவது, முன் சக்கரம் சாய்ந்து நிற்பது, பெட்ரோல் வாடை, எண்ணெய்க் கெட்டில் போன்ற சிவப்பு விளக்கு: இந்த நான்கும் இதே வகைதான். எண்ணெய் விளக்கு எரிந்தபடி ஓட்டினால் இன்ஜின் நாசமாக ரொம்ப நேரம் ஆகாது. உடனே அணைத்து, பத்து நிமிடம் கழித்து எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். அளவு குறைவாக இருந்து, கீழே ஒழுகலும் இல்லை என்றால் எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். விளக்கு அணையவில்லையா, இழுத்துப் போகும் டோ வண்டிதான்.

பஞ்சர்

சென்னைக்குள் இருக்கிற ஒரு பெரிய வசதி, கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை. ரோட்டோரம் ஒரு பழைய டயர் நட்டமாக நின்றால் அதுதான் போர்டு. ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்து காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள். அந்த ஆணிதான் இப்போது தக்கை. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்ன பம்பால் காற்றடித்து, அப்படியே கடைக்கு ஓட்டிப் போங்கள்.

கடை இல்லாத இடத்தில், டயரும் முழுக்க இறங்கிவிட்டால், ஸ்டெப்னி மாற்றுவதுதான் வழி. எல்லாருக்கும் தெரிந்த வேலை போலத் தோன்றும். ஆனால் வரிசை தப்பினால் கால் போய்விடும்.

1. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, முதல் கியரில் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்.

2. வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து வழுக்கும். நட்டு வராவிட்டால் ஸ்பேனரின் கைப்பிடி தரைக்கு இணையாக, இடது பக்கம் நீட்டி இருக்கும்படி மாட்டி, அதன் மேல் மெல்ல ஏறி நின்று உடல் எடையைக் கொடுங்கள்.

3. கதவுக்குக் கீழ் உள்ள விளிம்பில், சக்கரத்துக்கு அருகே, ஜாக்கி வைக்க ஒரு பள்ளம் அல்லது அடையாளம் இருக்கும். அங்கே மட்டும் வையுங்கள். ஈசிஆர் மணல், மழையில் ஊறிய மண் என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை.

4. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். கழற்றியதும் பழைய சக்கரத்தை உள்ளே தள்ளி, ஸ்டெப்னியை வெளியே எடுங்கள்.

5. நட்டுகளைக் கையால் பொருத்தி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வண்டியை இறக்கிய பிறகு ஒருமுறை முழு பலத்தோடு இறுக்குங்கள். பதினைந்து, இருபது கிலோமீட்டர் போனதும் மறுபடி ஒரு தடவை.

ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலேயே காற்று இருக்காது என்பது தமிழ்நாட்டுப் பொது விதி. மாதம் ஒருமுறை பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும்போது "அஞ்சாவதும் பாருங்க அண்ணா" என்று சொல்லிப் பழகுங்கள். ஸ்டெப்னி சின்னதாக, ஒல்லியாக இருந்தால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.

2020-ல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இருப்பதில்லை. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. உங்கள் டிக்கியின் தரையைத் தூக்கி எது இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

கிட் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: ஆணி எந்தச் சாய்வில் குத்தியிருக்கிறது என்று கவனித்துக்கொண்டு குறட்டால் பிடுங்குங்கள். அதே சாய்வில் அரம் போன்ற ஊசியை விட்டு ஏழெட்டு முறை குத்தி எடுங்கள். துளை பெரிதாகிறதே என்று பயப்பட வேண்டாம், சொரசொரப்பாக்கினால்தான் ஒட்டும். ஒட்டும் ரப்பர் திரியை இரண்டாவது ஊசியின் கண்ணில் பாதி வரை கோர்த்து, பசை தடவி, இரண்டு நுனியும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும் வரை உள்ளே அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். காற்றடித்து, எச்சிலைத் தொட்டு வைத்துக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். நுனியை நறுக்கிவிடலாம்.

ஒழுங்காகப் போட்ட திரி நாள்கணக்கில் தாங்கும். ஆனாலும் நீண்ட பயணத்துக்கு முன் கடையில் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. டயரின் பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் திரி வேண்டாம். அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது.

இன்ஜின் ஹீட்

சென்னையில் வண்டிகள் அதிகம் நிற்பது இதனால்தான் என்பது என் எண்ணம். 37, 38 டிகிரி வெயில், ஏசி முழுவீச்சில், கத்திப்பாராவில் அடிமேல் அடி வைக்கும் டிராஃபிக். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவும். நிற்கிற வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன் மட்டும்தான் துணை.

முள் ஏறத் தொடங்கியதும், ஒதுங்க இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் இதைச் செய்வது கொடுமைதான். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

பானெட்டைத் திறந்து விடுங்கள், மூடியைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஆவியாகப் பீறிடும். ரேடியேட்டர் மேல் மூடியே இல்லாத புது வண்டிகளில், பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில்தான் இந்த அழுத்தம் இருக்கும். அதற்கும் இதே எச்சரிக்கை. ஃபேன் பக்கம் துப்பட்டா, டையைக் கொண்டுபோகாதீர்கள். வண்டி அணைந்திருந்தாலும் அது திடீரென்று சுற்றத் தொடங்கலாம்.

அரை மணி நேரமாவது காத்திருங்கள். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கிப் பாருங்கள். கல் போல இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது, மெத்தென்று அமுங்கினால் மூடியை மெல்லத் திருகலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான இன்ஜினில் ஐஸ் வாட்டரைக் கொட்டினால் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டில் விரிசல் விழலாம், அந்தச் செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிப் பிடிக்கும்.

தண்ணீர் எங்கே போனது என்று அடுத்துப் பாருங்கள். ஹோஸில் வெடிப்பு என்றால் ஆறிய பிறகு நன்றாகத் துடைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். டேப் இல்லையா, பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு வாங்கி, நீளவாக்கில் கிழித்து, இறுக்கமாகச் சுற்றி இரண்டு பக்கமும் கம்பியால் முறுக்குங்கள். ஹோஸ் நுனியில் வெடித்திருந்தால் இன்னும் சுலபம்: வெடித்த பகுதியை வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மாட்டி கிளிப்பை முடுக்கிவிடலாம். இந்த ஒட்டுக்கு என் கணக்கில் பத்து கிலோமீட்டர், அதுவும் ஏசி இல்லாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டே.

ரேடியேட்டரே ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றுவது லாரிக்காரர்களின் பழைய கைமருந்து. சின்னத் துளையை அது அடைக்கத்தான் செய்கிறது. கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் ஹீட் என்றால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏசியைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா, பானெட்டுக்கு அடியில் இருக்கும் பியூஸ் பெட்டியைத் திறந்து ஃபேன் பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் டப்பா. ஹார்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் பல வண்டிகளில் ஒரே ரகம். மேலே அச்சிட்ட எண்ணும் கால்களின் அமைப்பும் ஒன்றுதான் என்றால் இடம் மாற்றிச் சொருகலாம். ஃபேன் மோட்டாரே செத்துவிட்டால், டிராஃபிக் குறையும் வரை காத்திருந்து, நிற்காமல் ஓட்டிப் போகும் வழியாகப் பார்த்துப் போங்கள்.

சைலன்ஸரில் வெள்ளைப் புகை அடங்காமல் வந்து, ஊற்றிய தண்ணீரும் காணாமல் போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

செல்ஃப் எடுக்கவில்லை

சத்தத்தைக் கேளுங்கள். 'டிக்டிக்டிக்' என்று வேகமாகக் கேட்டு, விளக்குகள் மங்கினால் பேட்டரி. விளக்கு பளிச்சென்று இருக்க, 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் என்றால் செல்ஃப் மோட்டார். எதுவுமே கேட்கவில்லை என்றால் ஆட்டோமேட்டிக் கியர் 'பி' அல்லது 'என்'னில் இருக்கிறதா, கிளட்ச் முழுக்க மிதித்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டி வைத்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

பேட்டரி என்று தெரிந்தால் முதலில் டெர்மினலை ஆட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்குங்கள். டீக்கடை வெந்நீர் போதும்.

அதிலும் வரவில்லை என்றால் இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள். லாரி, பஸ் டிரைவர்கள் உதவ முன்வருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவற்றில் இருப்பது 24 வோல்ட், நம் வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் கருகும். இரண்டு காரையும் அணைத்துவிட்டு, சிவப்பை நம் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை அவர்கள் பிளஸ்ஸில். கறுப்பை அவர்கள் மைனஸில் மாட்டி, கடைசி முனையை நம் பேட்டரியில் மாட்டாமல், இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரி அருகே கிளம்பும் வாயுவில் தீப்பொறி படக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு நம்முடையதை எடுங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். இக்னிஷன் ஆன், கிளட்ச் மிதித்தபடி இரண்டாவது கியர், வண்டி ஓட்டமாக உருண்டதும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, பிடித்ததும் மறுபடி மிதியுங்கள். செல்ஃப் மோட்டார் கோளாறு என்றால், அது கைக்கு எட்டும் வண்டிகளில், ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் வீல் ஸ்பேனரால் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டு தட்டினால் பல நேரம் எடுத்துக்கொள்ளும். வீடு வரை அணைக்காமல் போங்கள்.

ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். ஸ்டீயரிங் கனத்து, முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள். அம்பாசடர் காலத்தில் நைலான் கயிற்றைக் கட்டி ஓட்டிய கதைகள் உண்டு, இன்றைய பெல்ட்டுக்கு அது எடுபடாது. முள் ஏறவில்லை, விளக்கு மட்டும்தான் என்றால் ஏசி, பாட்டு எல்லாம் அணைத்துப் பகலில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். இரவில் ஹெட்லைட் போட்டால் அதில் பாதி.

பியூஸ்

வைப்பர், ஹெட்லைட், ஹார்ன் எதுவும் திடீரென்று செத்தால் பியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கத்திலேயே எது எதற்கு என்று படம் இருக்கும். நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரியும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உதிரி இல்லை என்றால் சிகரெட் லைட்டர் அல்லது ஆடியோவின் பியூஸைக் கடன் வாங்கலாம், அதே ஆம்பியராக இருந்தால். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். புது பியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசுகிறது, விட்டுவிடுங்கள்.

தொங்குகிற சாமான்கள்

வேகத்தடைகள் புண்ணியத்தில் சைலன்ஸரும் இன்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கவரும் தரையில் தேய்வது நமக்குப் பழக்கம். சைலன்ஸர் ஆறிய பிறகு கட்டுக்கம்பியால் பழைய ரப்பர் மாட்டியிருந்த கொக்கியிலேயே தூக்கிக் கட்டுங்கள். கயிறோ பிளாஸ்டிக் டையோ அந்தச் சூட்டில் உருகிவிடும். ஓஎம்ஆரில் எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கேட்டால் இரண்டு முழம் கட்டுக்கம்பி தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள். கவருக்கும் பம்பருக்கும் கேபிள் டை போதும். வாரக்கணக்கில் தாங்கும், அதனாலேயே நாம் அதை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

மழையில்

டிரைவர் பக்க வைப்பர் ரப்பர் கிழிந்தால், இடது பக்கத்துப் பிளேடைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டுங்கள். பொதுவாக அது குட்டை, அதனால் பொருந்திவிடும். வைப்பர் மோட்டாரே நின்றுவிட்டால் உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பது, பீடித் தூளைத் தேய்ப்பது என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் படலமாக வழியும், மெதுவாக ஓட்டும் அளவுக்குப் பார்வை கிடைக்கும். தூறலுக்குச் சரி. கொட்டும் மழையில் பங்க்கில் ஒதுங்குங்கள்.

தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அவர்கள் புத்திசாலிகளாகத்தான் தெரிகிறார்கள்.

தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்றை பிஸ்டன் அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது வரை சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை லட்சத்துக்குப் போவது அந்த ஒரு சாவித் திருப்பலில்தான். சாதாரண இன்ஷூரன்ஸில் இப்படி வந்த இன்ஜின் சேதம் பெரும்பாலும் சேராது. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும்.

நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் டோ வண்டி. எண்ணெய்க் கம்பியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தாலும் அப்படியே. தண்ணீர் கதவு உயரத்துக்கு ஏறுகிறது என்றால் வண்டியை மறந்துவிடுங்கள். எலக்ட்ரிக் ஜன்னல் வேலை செய்யும்போதே இறக்கி வெளியே வந்துவிட வேண்டும், கதவை வெளித் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

எலக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள்.

டேங்க், எண்ணெய்த் தொட்டி ஒழுகல்

பெட்ரோல் டேங்கில் சின்னச் சொட்டு என்றால் துணி துவைக்கும் பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைக்கலாம். பெட்ரோலில் சோப் கரையாது. டோ வண்டி வரும் வரை சொட்டை நிறுத்த இது போதும், ஓட்டுவதற்கு அல்ல. எண்ணெய்த் தொட்டியில் கல் அடித்த கசிவுக்கு எம்-சீலைப் பிசைந்து ஒட்டலாம். ஆனால் இடம் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஒட்டிய பிறகு இறுகவும் நேரம் கொடுக்க வேண்டும். ஒழுகிக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

இழுத்துப் போகும்போது

ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, எலக்ட்ரிக் கார் மூன்றையும் தட்டையான தளமுள்ள டோ லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மற்றவற்றைக் கயிறு கட்டி இழுத்தால் சாவியை ஆனில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இருக்கும், இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும். கொக்கி டிக்கியில் ஜாக்கியோடு இருக்கும்; பம்பரில் உள்ள சின்ன மூடியைப் பெயர்த்து அதைத் திருகி மாட்டுங்கள். பம்பரில் கயிறு கட்டினால் பம்பர் மட்டும் ஊர் போய்ச் சேரும்.

டிக்கியில் வைக்க

முக்கோணம், தலையில் மாட்டும் டார்ச், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் திரி, ஜம்பர் கேபிள், சிலிக்கோன் டேப், கட்டுக்கம்பி, கேபிள் டை, நாலைந்து பியூஸ், குறடு, கையுறை, ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பழைய பாய். பாய் எதற்கு என்பது தார் ரோட்டில் மே மாதம் முட்டி போடும்போது புரியும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை ஜிபி ரோட்டில் எல்லாம் கிடைக்கும், பாய் தவிர. ஜம்பர் கேபிளை மட்டும் தடிமனாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லியது சூடாகும், வண்டி எடுக்காது.

மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது நீங்கள் செய்த ஒட்டுகளை எல்லாம் காட்டிவிடுங்கள்: எங்கே டேப் சுற்றினீர்கள், எந்த பியூஸை எங்கே மாற்றினீர்கள், என்ன தண்ணீர் ஊற்றினீர்கள், எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள். நான் ஒருமுறை ஹார்ன் ரிலேயை ஃபேனுக்கு மாற்றியதைச் சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் ஃபேன் நன்றாகச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஹார்ன் ஏன் அடிக்கவில்லை என்று ஸ்டீயரிங்கைக் கழற்றி ஒரு மணி நேரம் ஒயரை நோண்டியிருக்கிறார். சாயங்காலம் போனபோது, "ஹார்ன் இல்லாம தாம்பரத்துல இருந்து எப்படி சார் வந்தீங்க?" என்றுதான் கேட்டார்.